தோலிலிருந்து உதிரும் உப்பு எங்கே போகிறது?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பள்ளிவாசல் வளவுப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். அக்குறணையானாலும் மடவளையானாலும் கம்பளையானாலும் ஒன்றுதான். ஒரு மூலையிலே தோல்கள் குவிந்து கிடக்கும். பக்கத்திலே கல்லுப்பு மூட்டைகள். நாலைந்து வாலிபர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தோலை விரிப்பதும், உப்பை அள்ளி வீசித் தேய்ப்பதும், அதன்மேல் இன்னொன்றை விரிப்பதுமாக நிற்பார்கள். பிறகு லொறி வரும். தோல் ஏறும். லொறி போன பிறகு சீமெந்துத் தரையில் மிஞ்சுவது இரத்தமும் கொழுப்பும் கலந்த பழுப்பு நிற உப்புத்தான். யாராவது ஒருவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, விளக்குமாற்றால் அதைக் கானுக்குள் தள்ளிவிடுவார். இடம் சுத்தமாகிவிட்டது என்ற நிம்மதியோடு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

கானுக்குள் போன உப்பு எங்கே போகிறது? தோலோடு லொறியில் ஏறிய உப்பு எங்கே போகிறது? பெருநாள் இறைச்சியைப் பங்கிடுவதில் அத்தனை கணக்குப் பார்க்கும் நாம், இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

தோலுக்கு ஏன் உப்பு?

மிருகத்தை அறுத்துத் தோலை உரித்த சில மணி நேரத்திலேயே பக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிடும். நம் நாட்டுச் சூட்டிலே காலையில் உரித்த தோல் மாலையில் நாற ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் உரோமம் கையோடு வரும். அப்படி உரோமம் கழன்ற தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு ஆகாது. பச்சைத் தோலின் நிறையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். உப்பு அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மிஞ்சும் ஈரத்திலும் தானே கரைந்து நிற்கும். அத்தனை உப்பிலே சாதாரணப் பக்டீரியா வாழ முடியாது. உம்மாமார் மீனைக் கருவாடு போடுவதும் ஊறுகாய்க்கு உப்பிடுவதும் இதே கணக்கில்தான்.

எவ்வளவு உப்பு? தோலின் நிறைக்கு நூற்றுக்கு 40 முதல் 50 வீதம் என்பது தொழிலில் உள்ளவர்கள் பின்பற்றும் அளவு. 20 கிலோ நிறையுள்ள ஒரு மாட்டுத் தோலுக்கு 8 முதல் 10 கிலோ வரை. நூறு தோல் சேர்ந்த பள்ளிவாசலில் கிட்டத்தட்ட ஒரு தொன் உப்பு! ஒரு வீட்டுக்கு மாதத்துக்கு ஒரு கிலோ என்று வைத்தால்கூட, எண்பது வீடுகள் ஒரு வருடம் சமைக்கும் உப்பு ஒரே நாளில் தரையில் கொட்டப்படுகிறது.

உப்பை வீணாக்குவதைப் பற்றி மலைநாட்டு முஸ்லிம்களாகிய நாம் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்கவேண்டும். கண்டி இராச்சியத்துக்குக் கடலில்லை. உப்பும் கருவாடும் கரையிலிருந்துதான் மேலே வரவேண்டும். பொதி மாடுகளில் அவற்றை ஏற்றி, காட்டுப் பாதைகளிலும் கணவாய்களிலும் நடந்து கொண்டுவந்து சேர்த்த தவளக்காரரில் பெரும் பகுதியினர் நம் முன்னோர். அரசனின் போக்குவரத்து இலாகாவான மடிகே பத்தயிலே முஸ்லிம்கள் சேவை செய்ததைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒல்லாந்தர் கண்டியை மடக்க நினைத்த போதெல்லாம் முதலில் கை வைத்தது உப்புப் பாதையில். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் அவர்கள் எடுத்துக்கொண்ட போதும், உப்பு அள்ளும் உரிமை கண்டி மக்களுக்கு வேண்டுமென்று தனியே பேசி எழுதவேண்டியிருந்தது. ஒரு பொதி உப்புக்கு எத்தனை நாள் நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் வந்தது. அதற்கு முந்திய மே மாதத்திலேதான் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு. உப்பளங்களில் பெய்த தவறிய மழையால் விளைச்சல் கெட்டு, கடல் சூழ்ந்த இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. ஒரு பைக்கற் உப்புக்குக் கடை கடையாக அலைந்தது பலருக்கு மறந்திருக்காது.

அடுப்படியிலே ஒரு பரிசோதனை

உப்புப் பிரச்சினை மற்றக் கழிவுகளைப் போன்றதல்ல. இதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்குங்கள். எண்ணெய் மேலே மிதக்கும்; அள்ளிவிடலாம். மஞ்சள் தூளைத் துணியில் வடித்துவிடலாம். தண்ணீர் தெளிந்துவிடும். குடித்துப் பாருங்கள், உப்பு அப்படியே இருக்கும். எத்தனை துணியில் வடித்தாலும் போகாது. தண்ணீரை முழுக்க வற்றவைத்தால்தான் அடியிலே வெள்ளையாகத் தெரியும்.

தோல் தொழிற்சாலையின் கழிவுநீரிலும் நடப்பது இதேதான். இரத்தம், கொழுப்பு, உரோமத் துகள் எல்லாவற்றையும் பக்டீரியாக்களைக் கொண்டே தின்னச் செய்யலாம். எல்லோரும் பயப்படும் குரோமியத்தைக்கூட, காரம் சேர்த்தால் பச்சைச் சேறாக அடியில் படியவைத்து, அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பாவிக்கலாம். பல தொழிற்சாலைகள் அப்படிச் செய்கின்றன. உப்பு மட்டும் எல்லாத் தொட்டிகளையும் தாண்டிச் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடும். நகரத்துக் கழிவுநீருக்கென்று கன்னொறுவையில் அமைத்திருக்கும் சுத்திகரிப்பு நிலையம் போன்றவையும் உப்பைப் பிரிப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

தோல் தொழிற்சாலையில் உப்பு இரண்டு இடத்தில் வெளியாகிறது. முதலாவது ஊறவைக்கும் தொட்டி. உப்பிட்ட தோலை மறுபடி பச்சைத் தோல் போல மிருதுவாக்கத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். தோலோடு வந்த உப்பெல்லாம் அங்கே கழன்றுவிடும். இரண்டாவது ‘பிக்கிள்’ என்று சொல்லும் அமிலக் குளிப்பு. குரோமியம் ஏற்றுவதற்கு முன் தோலை அமிலத்தில் போடவேண்டும். வெறும் அமிலத்தில் போட்டால் தோல் வீங்கிக் கெட்டுவிடும் என்பதற்காக, அதற்கு முன்பே உப்புச் சேர்ப்பார்கள். ஒரு பக்கம் தோலிலிருந்து உப்பைக் கழுவி ஊற்றுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அதே தோலுக்குப் புது உப்பு மூட்டையை அவிழ்க்கிறார்கள்! கொட்டும் உப்பை எடுத்து வேண்டிய இடத்தில் போட்டால் என்ன என்ற கேள்வி எந்த வீட்டுப் பெண்ணுக்கும் உடனே வரும். தொழிலுக்கு வர வெகுகாலம் பிடித்தது.

பாலாற்றங்கரையில்

நம் ஊர் ஆலிம்கள் பலர் ஓதியது எங்கே? வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்திலே, ஆம்பூருக்குப் பக்கத்து உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமிலே. பாகவி, உமரி என்ற பட்டங்கள் நம் காதுக்குப் பழகியவை. உமராபாத் மத்ரஸாவை 1924இல் நிறுவிய காக்கா முஹம்மது உமர் ஒரு தோல் வியாபாரி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களின் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மத்ரஸாக்களும் தோல் வியாபாரத்தின் வருமானத்தில் எழும்பியவை. அந்தக் கொடையின் பலன் கடல் தாண்டி நமக்கும் கிடைத்தது என்பதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தொழிலே அந்த ஆற்றையும் கெடுத்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். தொழிற்சாலைகள் விட்ட உப்பு நீர் அந்த மணலுக்குள்ளே இறங்கியது. கிணறுகள் கரித்தன. தென்னை காய்ப்புக் குறைந்தது; நெல் விளையவில்லை. வேலூர்ப் பிரஜைகளின் நலச் சங்கமொன்று வழக்குப் போட்டது. தமிழ்நாட்டின் தோல் பதனிடும் வட்டாரங்களில் சுமார் 35,000 ஹெக்டயர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாததாகிவிட்டது என்ற கணக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன. 1996 ஆகஸ்ட் 28ஆம் திகதி நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது: தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தரும் முக்கிய தொழில்தான், ஆனால் அதற்காக மண்ணையும் தண்ணீரையும் அழிக்க உரிமையில்லை, கெடுத்தவரே சீர்செய்யும் செலவைக் கொடுக்கவேண்டும். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபா தண்டம்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2025 ஜனவரியிலே அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. மண்ணுக்குள் இறங்கிய உப்புக்குத் தீர்ப்பின் திகதி தெரியாதல்லவா!

உப்பை மீட்கும் வழிகள்

இந்தத் துறையில் அதிகம் வேலை செய்தது சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1948இல் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் கைத்தொழில் அபிவிருத்தி நிறுவனமும் 1990களில் சென்னையை மையமாக வைத்து நமது வட்டாரத்து நாடுகளுக்காக இதே விஷயத்தில் பாடுபட்டது. அவர்கள் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது மிகவும் எளிமையானது: தோலை ஊறப் போடுமுன் உதறு!

உண்மையிலேயே அவ்வளவுதான். கூடாரம் போன்ற ஒரு மரச் சட்டம். இருவர் தோலின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கி அதன்மேல் ஓங்கிப் போடுவார்கள். ஒட்டியிருக்கும் உப்புக் கட்டிகள் கீழே கொட்டும். மூன்று நான்கு தடவை போட்டால் போதும். பெரிய தொழிற்சாலைகளில் துளையிட்ட சுழல் பீப்பாய்க்குள் தோலைப் போட்டு உருட்டுவார்கள். போட்ட உப்பில் பத்திலொரு பங்குக்குக் குறையாமல் இப்படிக் காய்ந்த நிலையிலேயே கைக்கு வந்துவிடும். தோல் நன்றாகக் காய்ந்திருந்தால் இன்னும் கூடும். மின்சாரமில்லை, இரசாயனமில்லை. தண்ணீரில் கரைந்த பிறகு பிரிப்பதற்கு இலட்சக்கணக்கில் செலவாகும் உப்பு, கரையுமுன் கைகளின் பலத்தில் வந்துவிடுகிறது.

இப்படி எடுத்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, கசடு படியவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து, வடித்தெடுத்தால் அமிலக் குளிப்புக்குப் போதிய உப்பு நீர். பாவித்த அமிலக் குளிப்பு நீரையும் ஊற்றிவிடாமல், குறைந்த உப்பையும் அமிலத்தையும் மட்டும் சேர்த்துப் பலமுறை ஓட்டலாம். புது உப்பு வாங்கும் செலவு குறைகிறது. வெளியே போகும் உப்பும் குறைகிறது.

எடுத்த உப்பைப் புதிய பச்சைத் தோலுக்கே திரும்பப் போடலாமா? ஆசை அப்படித்தான் வரும். இங்கேதான் கவனம் வேண்டும். உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களும் உண்டு. உப்பளங்கள் சில காலங்களில் இளஞ்சிவப்பாகத் தெரிவது அவற்றாலேதான். பழைய கருவாட்டில் செந்நிறப் புள்ளி விழுவதும் அவற்றாலேதான். ஒருமுறை தோலில் கிடந்த உப்பில் இவை பெருகியிருக்கும். அதைக் கழுவாமல் சுடாமல் அடுத்த தோலில் போட்டால் தோலும் சிவந்து, மேற்பரப்பு அரித்துப் பெறுமதி விழும். சூட்டில் எரித்துச் சுத்தம் செய்து பாவிக்கும் முறைகளை ஆராய்ச்சி நிலையங்கள் செய்து பார்த்திருக்கின்றன. நமது பள்ளிவாசல் வளவில் அதற்கு வசதியில்லை. ஆகவே பழைய உப்பு பச்சைத் தோலுக்கு வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: தோலில் பட்ட உப்பு எவ்வளவு வெள்ளையாகத் தெரிந்தாலும் கருவாட்டுக்கோ மாட்டுத் தீனிக்கோ ஒருபோதும் ஆகாது. அதில் இரத்தமுண்டு, நோய்க் கிருமி இருக்கலாம், சில வேளை கற்பூர உருண்டையின் இரசாயனமும் கலந்திருக்கும்.

கரைந்துவிட்ட உப்புக்கு வெயில் ஒரு வழி. ஊறல் நீரை அகலமான சீமெந்துத் தட்டங்களில் விட்டு வற்றவைத்தார்கள். இராணிப்பேட்டை, ஆம்பூர் வெயிலில் அது நடக்கும். ஆனால் மழை வந்தால் வேலை கெடும். வற்றிய பிறகு கிடைக்கும் உப்பும் அழுக்கு நிறைந்தது, வாங்க ஆளில்லை. பிறகு பெரிய முறைக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற கட்டளை வந்ததும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மெல்லிய சவ்வுகள் வழியே தண்ணீரை அழுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுத்து, மிச்சமாகும் கடும் உப்பு நீரைக் கொதிகலன் தொடர்களில் வற்றவைத்தார்கள். நல்ல நீர் தொழிற்சாலைக்கே திரும்பிவிட்டது. பெரிய வெற்றி! உப்போ மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் குவிந்தது. ஏனென்றால் அது சமையலுப்பு மட்டுமல்ல. அமிலத்திலிருந்து வந்த சோடியம் சல்பேற்றும், எரியாத அழுக்குகளும் கலந்த கலவை. அமிலக் குளிப்புக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. இரண்டு உப்பையும் தனித்தனியே பிரித்தெடுத்து விற்பதற்கான முயற்சிகள் நடக்கின்றன, அதற்கும் செலவு. கழிவைத் தேக்கி வைப்பதன் ஆபத்தை 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கண்டார்கள். ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றுத் தொட்டியின் சுவர் இரவிலே உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலானோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இந்தக் கதையையெல்லாம் படிக்கும்போது அந்த மரச் சட்டத்தின் மதிப்பு விளங்குகிறது.

நமது மலைகளில்

இலங்கையில் தோல் பதனிடுதல் பெரும்பாலும் கொழும்பு, கம்பஹாப் பக்கத்து வேலை. கண்டியில் நடப்பது உப்பிடுதல்தான். மடுவங்களிலிருந்தும் பெருநாள் காலத்தில் பள்ளிவாசல்களிலிருந்தும் சேரும் தோல் உப்பிடப்பட்டுக் கீழே போகிறது. பாலாற்றோடு ஒப்பிட்டால் நம் அளவு சிறிது, நம் மழையோ பெரிது. உப்பைக் கொட்டினாலும் மழை அடித்துப் போய்விடுகிறது, கிணறு கரிக்கவில்லை. அதனாலேயே நம் கண்ணுக்குப் படவுமில்லை.

ஆனால் அடித்துப்போன மழை எங்கே போகிறது? நகரத்தின் கான் நீர் மெத எலையில் விழுந்து கெட்டம்பைப் பக்கம் மகாவலியைச் சேர்கிறது. அக்குறணையின் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைச் சேர்கிறது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் பொல்கொல்லை அணை. 1976 முதல் மகாவலி நீர் அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தால் உக்குவளைக்குப் போய், வடமத்திய மாகாணத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் பாய்கிறது. வரண்ட நிலத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நம் ஒரு நாள் உப்பால் அந்த வயல் கெட்டுவிடும் என்று பயமுறுத்த வரவில்லை. நாம் கழுவிவிட்டது ‘போய்விட்டது’ என்று சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தோலின் விலை வீழ்ச்சி இன்னொரு கவலை. செயற்கைத் தோல் வந்த பிறகு பச்சைத் தோலின் விலை பல நாடுகளில் சரிந்தது. 2019 ஹஜ்ஜுப் பெருநாளில் பங்களாதேஷில் வாங்க ஆளில்லாமல் தோல்களை மண்ணில் புதைத்தார்கள். அந்த வருமானத்தை நம்பியிருந்த மத்ரஸாக்களும் அனாதை இல்லங்களும் தவித்தன. 2025இலே அந்நாட்டு அரசு மத்ரஸாக்களுக்கு இலவசமாக உப்பே கொடுத்தது, தோலைக் காப்பாற்றி வைத்து நல்ல விலைக்கு விற்கட்டும் என்று. உப்பின் விலை ஏறி தோலின் விலை இறங்கினால், உப்பிடுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? குர்பான் தோலை அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது என்று பேணுதலாக இருந்து பள்ளிவாசலிடம் கொடுக்கிறோம். அது அங்கே அழுகிப்போனால் என்ன பயன்?

ஆகவே அடுத்த பெருநாளுக்கு முன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர்கள் சில விஷயங்களை யோசித்து வைக்கலாம். முதலாவது, உப்பே வேண்டாத தோல் எவ்வளவு என்று பாருங்கள். கண்டியிலிருந்து கொழும்பு 115 கிலோமீற்றர்தான். காலையில் உரித்த தோல் மாலைக்குள் தொழிற்சாலையில் இறங்குமானால் உப்பில்லாமலே தொட்டிக்குப் போகலாம். ஐரோப்பாவில் குளிரூட்டிப் பச்சையாகவே கொண்டுபோகிறார்கள். பெருநாளன்று எல்லாத் தோலையும் எடுக்கத் தொழிற்சாலையில் இடமிராது என்பது உண்மை. ஆனாலும் முதல் லொறியைப் பற்றித் தோல் முதலாளியிடம் முன்கூட்டியே பேசலாம்.

உப்பிடும் தோலை முதலில் இரத்தம் போகக் கழுவி, சாய்வான பலகையில் தண்ணீர் வடியவிட்டு, நிழலில் ஆறவைத்த பிறகு உப்பிடுங்கள். சூடும் ஈரமும் உள்ள தோலில் உப்பு வழிந்தோடிவிடும். இரண்டு மடங்கு போடவேண்டிவரும். மிக நொய் உப்பு கட்டிபடும், மிகப் பெரிய கல் தோலில் தழும்பு விடும். நடுத்தரக் கல்லுப்பே நல்லது. வெறுந் தரையில் போடாமல் தடித்த பொலிதீன் விரிப்பின்மேல் அடுக்குங்கள். வடியும் உப்பு நீர் ஒரு பக்கம் ஓடி ஒரு வாளியில் விழும்படி விரிப்பைச் சாய்த்து வைத்தால் அது கானுக்குப் போகாது. தென்னங்குழிக்கு உப்புப் போடும் வழக்கம் நமக்குண்டு என்று சிலர் சொல்வார்கள். கைப்பிடி உப்பு வேறு, வாளி வாளியாக ஊற்றுவது வேறு, எந்தத் தென்னைக்கும் தாங்காது.

லொறி வந்ததும் தோலை அப்படியே வீசி ஏற்றாமல், ஒவ்வொன்றாக விரிப்பின்மேல் உதறி ஏற்றச் சொல்லுங்கள். வாலிபர்களுக்கு அரை மணி நேர வேலை. உதிர்ந்த உப்பை ஈரம் படுமுன் கூட்டி அள்ளி, வேறு நிறச் சாக்கில் கட்டி, ‘தோல் உப்பு, உணவுக்கல்ல’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அதே லொறியில் அனுப்பிவிடலாம். அமிலக் குளிப்புக்கு அதை எடுத்துக்கொள்வார்களா, மூட்டைக்கு என்ன கொடுப்பார்கள் என்பதைத் தோலின் விலை பேசும்போதே சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். தரையைக் கழுவுவது அதற்குப் பிறகு.